நம் ஊர்க் கண்மாயை வானத்திலிருந்து காட்டும் இலவச வரைபடம்: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர் என்ற இணைய வரைபடத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். ஏரி, குளம், ஆறு மேல் அக்கறை உள்ள யாரும் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டிய ஒன்று. இது "இங்கே தண்ணீர் நின்றது" என்று காட்டினால் தாராளமாக நம்பலாம். ஆனால் நம் பக்கத்துக் கண்மாயை, அதாவது பாசன ஏரியைக் காட்டி "இங்கே தண்ணீர் இல்லை" என்று சொன்னால் அவசரப்பட்டு ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஏன் இந்தப் பாகுபாடு என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது ஏரி மீட்பு என்று கிளம்பும் இளைஞர்கள் பலர் இதிலிருந்து ஒரு படத்தை வெட்டிப் போட்டு ஆதாரம் என்கிறார்கள், எதிர்த்தரப்பும் இதே வரைபடத்தில் இன்னொரு படத்தை வெட்டிப் போட முடியும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

இது என்ன, யார் செய்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஆணையத்தின் ஆராய்ச்சிப் பிரிவான ஜாயின்ட் ரிசர்ச் சென்டர், கூகுள் எர்த் எஞ்சினின் கணினி வசதியை வைத்துக்கொண்டு செய்த வேலை. ழான் பிரான்சுவா பெக்கல் தலைமையில் நான்கு பேர் 2016 டிசம்பரில் நேச்சர் இதழில் இதை வெளியிட்டார்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1984 முதல் எடுத்த 30 லட்சத்துக்கும் அதிகமான படங்களை எடுத்து, ஒவ்வொரு படத்திலும் சின்னச் சதுரமான ஒவ்வொரு கட்டமும் தண்ணீரா, நிலமா, மேகமா என்று பிரித்து, மாத வாரியாக அடுக்கியிருக்கிறார்கள். முதல் வெளியீடு 2015 வரை இருந்தது, நான் பயன்படுத்தும் பதிப்பு 2021 வரை வருகிறது. இந்த வேலை சாத்தியமானதற்கு ஒரு முக்கியக் காரணம், அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 2008இல் லேண்ட்சாட் படக் களஞ்சியம் முழுவதையும் இலவசமாகத் திறந்துவிட்டதுதான். அதற்கு முன்பு படத்துக்குக் காசு கட்ட வேண்டும், அப்படியே தொடர்ந்திருந்தால் 30 லட்சம் படத்துக்கு எந்த ஆராய்ச்சிக்காரர் காசு கட்டுவார்? பொதுப் பணத்தில் எடுத்த தகவலை மக்களுக்குத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நம் ஊரில் அணை, ஏரி பற்றிய பழைய அளவீடுகளைக் கையில் வாங்க அலைந்தவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும்.

திறந்ததும் உலக வரைபடம் வரும், வலதும் இடதுமாக நகர்த்திப் பெரிதாக்கிக்கொண்டு நம் ஊருக்கு வர வேண்டும். மேலே பல அடுக்குகள் இருக்கும், தேவையானதை மாற்றிக்கொள்ளலாம். பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். முதல் அடுக்கு, அந்த இடத்தில் இத்தனை ஆண்டுகளில் எவ்வளவு நேரம் தண்ணீர் இருந்தது என்பது. எப்போதும் தண்ணீர் இருந்த இடம் அடர்நீலம், குறையக் குறைய ஊதா, பிறகு இளஞ்சிவப்பு. இதைப் புரிந்துகொள்ள மேட்டூருக்குப் போங்கள். 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கும் அணை, ஜூனில் திறந்து டெல்டாவுக்கு விட்டு, கோடையில் இறங்கி, மறுபடி கர்நாடகத்தில் மழை பெய்ததும் ஏறும். தண்ணீர் நன்றாக இறங்கும் காலத்தில் பண்ணவாடியில் பழைய நந்தி சிலையும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரிவதைச் செய்தித்தாளில் ஆண்டுதோறும் பார்த்திருப்பீர்கள். அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் இந்த அடுக்கில் நிறமாக மாறிவிடும், ஆழமான பகுதி நீலமாகவும் ஏறி இறங்கும் விளிம்பு ஊதாவாகவும் விழும். அணையின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் மட்டும் கேட்டே பழகிய நமக்கு, அந்த அடிகள் நிலத்தில் எவ்வளவு பரப்பாக விரிகின்றன என்று பார்ப்பது ஒரு புது அறிவு.

எனக்கு மிகவும் பிடித்தது மாற்றங்களைக் காட்டும் அடுக்கு. இதில் முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் ஒப்பிட்டு, நிரந்தரமாக இருந்த தண்ணீர் அப்படியே இருந்தால் நீலம், புதிதாக வந்த நிரந்தர நீர் பச்சை, இருந்து காணாமல் போனது சிவப்பு, நிரந்தரமாக நின்றது பருவத்துக்கு மட்டும் நிற்பதாக மாறினால் மஞ்சள், பருவத்துக்கு நின்றது நிரந்தரமானால் ஆரஞ்சு என்று பிரித்திருக்கிறார்கள். நடுவில் மட்டும் வந்துவிட்டுப் போன தண்ணீருக்குச் சாம்பல் நிறம். இப்படி ஒரே படத்தில் இத்தனை கதைகளைச் சொல்லும் வரைபடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த அடுக்கை வைத்துக்கொண்டு முதலில் ஏரல் கடலுக்குப் போய்ப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவில் இருப்பது. 1960 வாக்கில் உலகின் நான்காவது பெரிய ஏரி, ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர். ஆமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளின் தண்ணீரைப் பருத்திக்காகத் திருப்பிவிட்டதில் சுருங்கத் தொடங்கியது, 2014இல் தெற்கு ஏரலின் கிழக்குப் பகுதி முழுவதுமாக வறண்டது. வரைபடத்தில் அந்த இழப்பைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். அதே இடத்தில் வடக்கே சின்ன ஏரல் மட்டும் பிழைத்திருப்பதையும் பார்க்கலாம், 2005இல் கட்டி முடித்த கோக் அரல் அணை சிர் தாரியாவின் தண்ணீரை அங்கேயே தடுத்து நிறுத்தியதால் வந்த மாற்றம் அது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது, தண்ணீர் போனதற்கும் திரும்பி வந்ததற்கும் மனிதர்கள் எடுத்த முடிவுகளே காரணம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

உலகக் கணக்கும் யோசிக்க வைக்கிறது. 1984க்கும் 2015க்கும் இடையில் ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீட்டர் நிரந்தர நீர்ப்பரப்பு மறைந்திருக்கிறது, அதில் 70 சதவீதத்துக்கு மேல் மத்திய கிழக்கிலும் மத்திய ஆசியாவிலும். அதே காலத்தில் 1,84,000 சதுர கிலோமீட்டர் புதிதாக வந்திருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்ணின் அளவு புரியும். ஆனால் இதைப் பார்த்து "பரவாயில்லை, தண்ணீர் கூடித்தானே இருக்கிறது" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. புதிதாக வந்ததில் பெரும்பங்கு அணைத் தேக்கங்கள். ஒரு பள்ளத்தாக்கை மூழ்கடித்த தேக்கமும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மீனும் பறவையும் வாழ்ந்த ஓர் ஏரியும் பரப்பளவில் சமம் என்பதற்காக ஒன்றுக்கொன்று ஈடாகிவிடாது. கட்டுரையை எழுதியவர்களும் அப்படிச் சொல்லவில்லை, படித்துவிட்டுச் சொல்பவர்கள்தான் சொல்கிறார்கள்.

சரி, இப்போது நம் ஊருக்கு வருவோம். நான் சிவகங்கைப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்தவன். மடை (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாய்), கலுங்கு (நிரம்பிய தண்ணீர் வழியும் இடம்), வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்), நீர்பாய்ச்சி (வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர்) என்று பேசிப் பழகியவர்களுக்கு இந்த வரைபடம் எந்த அளவு பயன்படும் என்பதுதான் என் கேள்வி.

கண்மாய் என்பது அணை மாதிரி ஆண்டு முழுக்கத் தண்ணீர் வைத்திருப்பதற்காகக் கட்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும், நல்ல ஆண்டாக இருந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாயும், தை, மாசியில் நெல்லுக்குக் கொடுத்துக் கொடுத்து இறங்கும், பங்குனியில் ஆடு மாடு மேயும். இராமநாதபுரம் மாவட்டத்தில் நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று ஊரே பெருமையாகச் சொல்லும் ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்கூடப் பருவத்தை நம்பித்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட நீர்நிலையில் தண்ணீர் ததும்பி நிற்கும் நாட்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மூன்று மாதமும்தான் நம் வானத்தில் மேகம் அதிகம்.

லேண்ட்சாட் என்பது கண்ணால் பார்ப்பது போலச் சூரிய ஒளியை வைத்துப் பார்க்கும் செயற்கைக்கோள். மேகம் இருந்தால் கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு செயற்கைக்கோள் அதே இடத்துக்கு மேலே மறுபடி வர 16 நாள் ஆகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள், அதாவது ஒரு செயற்கைக்கோளுக்கு ஐந்து அல்லது ஆறு வாய்ப்பு, இரண்டு இருந்தால் பதினொன்று, பன்னிரண்டு. வரும் நாளில் காலை 10 மணியை ஒட்டிக் கண்மாய்க்கு மேல் மேகம் நின்றால் அந்த வாய்ப்பு போயிற்று. அடை மழைக் காலத்தில் எத்தனை தப்பும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போதாததற்கு லேண்ட்சாட் 7 செயற்கைக்கோளில் 2003 மே மாதம் ஒரு பாகம் பழுதாகிவிட்டதால் அதற்குப் பிறகு அது எடுத்த படங்களில் பட்டை பட்டையாக இடைவெளி இருக்கும். 1980, 90களில் உலகத்தின் பல பகுதிகளுக்குப் படமே குறைவு.

ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. மேகத்தை "தண்ணீர் இல்லை" என்று எண்ணாமல் "பார்க்க முடியவில்லை" என்று தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் பார்க்க முடிந்த படங்களில் எத்தனையில் தண்ணீர் இருந்தது என்று தனித்தனியே கணக்கிட்டு, பிறகுதான் பன்னிரண்டு மாதத்துக்கும் சராசரி எடுக்கிறார்கள், அதனால் கோடைப் படங்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதற்காக நவம்பரை அமுக்கிவிடாது. 1984-1999 காலத்தையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் ஒப்பிடும் அடுக்கிலும் ஜனவரியை ஜனவரியோடு, நவம்பரை நவம்பரோடுதான் ஒப்பிடுகிறார்கள், ஒப்பிட முடியாத இடத்தைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிடுகிறார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் நம் ஊர் மழையைத் தெரிந்தவனாக எனக்கு ஒரு சந்தேகம் இதற்கு மேலும் இருக்கிறது. நவம்பரில் வானம் தெளிவாக இருக்கும் ஆண்டு எது? பெரும்பாலும் மழை பொய்த்த ஆண்டு. மழை கொட்டிக் கண்மாய் நிரம்பிய ஆண்டின் நவம்பரில் மேகம் மறைத்துவிடும், வறட்சி ஆண்டின் நவம்பர் பளிச்சென்று பதிவாகிவிடும். அப்படியானால் பார்க்க முடிந்த நாட்களை மட்டும் எடுத்துச் சராசரி போட்டாலும் அது வறட்சிப் பக்கம்தான் கொஞ்சம் சாயும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை போன்ற பகுதிகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இலங்கையின் வடக்கு, கிழக்குக் குளங்களுக்கும் இதே மழைதான், இதே பிரச்சினைதான்.

இதை ஓரளவு தாண்டிப் போக ஒரு வழி உண்டு, அதுதான் இந்த வரைபடத்தில் நான் அதிகம் பயன்படுத்தும் வசதி. வரைபடத்தில் ஓர் இடத்தைச் சொடுக்கினால் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் ஆண்டு வாரியான வரலாறும், மாத வாரியாக எத்தனை முறை தண்ணீர் திரும்பி வந்திருக்கிறது என்பதும் வரும். அதில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜனவரி, பிப்ரவரியைப் பாருங்கள். பொங்கல் நேரத்தில் மழை ஓய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், கண்மாயில் தண்ணீர் இன்னும் இருக்கும். நம் கண்மாய்க்குச் சரியான சாட்சி தை மாதம்தான். தையில் தண்ணீர் இருந்த கட்டத்தில் கார்த்திகையிலும் இருந்திருக்கும் என்று ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மொத்தச் சராசரியைப் பார்த்தால் வெளிறிய இளஞ்சிவப்பாகத் தெரியும் கண்மாய், ஜனவரியை மட்டும் பார்த்தால் வேறு ஆளாக நிற்கும்.

துல்லியம் பற்றி அவர்கள் சொல்லியிருப்பதும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. 40,000க்கும் மேற்பட்ட இடங்களை வைத்துச் சரிபார்த்ததில், தண்ணீர் இல்லாததைத் தண்ணீர் என்று தவறாகச் சொன்னது 1 சதவீதத்துக்கும் குறைவு, இருந்த தண்ணீரைத் தவறவிட்டது 5 சதவீதத்துக்கும் குறைவு. உலகம் முழுவதற்குமான சராசரி அது, பெரிய ஏரிகளும் சேர்ந்தது. என்றாலும் எந்தப் பக்கம் தவறு அதிகம் என்பதைக் கவனியுங்கள். இல்லாத தண்ணீரை இது அரிதாகத்தான் காட்டும். அதனால்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன், இருந்தது என்று காட்டினால் நம்புங்கள் என்று.

அடுத்தது அளவு. ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், 900 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 22 சென்ட். ஐந்து ஏக்கர் குளம் இருபத்திச் சொச்சம் கட்டத்தில் வந்துவிடும், சரி. அரை ஏக்கர் ஊருணி? இரண்டு கட்டம், அதுவும் கரையும் மரமும் கலந்து. கோயில் தெப்பக்குளங்களில் பெரியவை தெரியும், சின்னவை தெரியாது. வரத்துக்கால் தெரியவே தெரியாது, அது பத்தடி அகலம். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு, ஏனென்றால் நம் கண்மாய்கள் சாவது பெரும்பாலும் கண்மாய்க்குள் நடக்கும் ஆக்கிரமிப்பால் மட்டும் இல்லை, வரத்துக்காலை உழுது வயலோடு சேர்த்துக்கொள்வதாலும் மேலே சாலை போட்டு மூடுவதாலும்தான். தண்ணீர் வராமல் போனதை இந்த வரைபடம் காட்டும், ஏன் வரவில்லை என்பதைக் காட்டாது. அதற்கு வரத்துக்கால் ஓரமாகக் கால்நடையாகத்தான் போக வேண்டும்.

செடி மூடிய தண்ணீரும் இதற்குத் தெரியாது. திறந்த நீர்ப்பரப்பு மட்டும்தான் தண்ணீராகப் பதிவாகும். ஆகாயத்தாமரை படர்ந்த ஏரி வானத்திலிருந்து பச்சை வயலாகத்தான் தெரியும். கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பு நிலமும் அப்படியே. சென்னையின் பள்ளிக்கரணை போன்ற இடத்தை இந்த வரைபடத்தை மட்டும் வைத்து யாராவது அளந்தால், சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி "தண்ணீர் இல்லாத நிலம்" என்று ஆகிவிடும். உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது, அதன் உயிரே அந்தச் செடி மூடிய ஆழமில்லாத நீர்தான். நிலத்தை விற்க நினைப்பவர் கையில் இப்படி ஒரு படம் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சீமைக்கருவேலம் அடர்ந்த கண்மாய்க்கும் இதே கதி, மரத்துக்கு அடியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் மேலே இலைதான் தெரியும்.

ஆழம் தெரியாது என்பது இன்னொரு பெரிய குறை. பரப்பு அப்படியே இருக்கும், வண்டல் படிந்து கொள்ளளவு பாதியாகியிருக்கும், வரைபடத்தில் முன்பிருந்த அதே நீலம். செம்பரம்பாக்கத்தின் 3.645 டிஎம்சி, வீராணத்தின் 1.465 டிஎம்சி என்றெல்லாம் நாம் பேசுவது கொள்ளளவை. அதைச் சொல்ல வரைபடத்துக்கு வழியே இல்லை. இன்னும் மோசமானது என்னவென்றால், ஏரிக்குள் சவுடு மண் என்று சொல்லி ஆழமாகத் தோண்டினால் அந்தக் குழிக்குள் தண்ணீர் கோடையிலும் தேங்கும். அப்போது பருவத்துக்கு நின்ற நீர் நிரந்தரமானதாக அந்தக் கட்டங்கள் ஆரஞ்சாக மாறலாம், படத்தைப் பார்ப்பவர் ஏரி செழித்துவிட்டது என்று நினைப்பார். ஊர்க்காரனுக்குத்தான் அது எந்த லாரி போட்ட குழி என்று தெரியும். அந்தக் குழியின் தண்ணீர் மடைக்கு ஏறாது, ஒரு சென்ட் வயலுக்கும் பாயாது.

நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்ற பேதமும் கிடையாது. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளமும் தண்ணீர், இறால் பண்ணையும் தண்ணீர். ஆந்திரத்தில் கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களுக்கு நடுவில் இருக்கும் கொல்லேறு ஏரியை நினைத்துப் பாருங்கள். பெரிய நன்னீர் ஏரி, மீன் பண்ணைக் குளங்களாகக் கரைகட்டிப் பிரித்துப் பிரித்து, 2006இல் அரசே இறங்கிக் கரைகளை உடைக்க வேண்டி வந்தது. ஏரி பண்ணையாக மாறினாலும் தண்ணீர் தண்ணீர்தான் என்று நினைக்கும் கருவியால் அந்த அழிவைச் சொல்ல முடியாது. நன்னீரில் என்ன உயிர் வாழ்கிறது, அதில் சாக்கடை கலந்ததா, நைட்ரேட் எவ்வளவு என்பதற்கெல்லாம் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்குப் போவதைத் தவிர வேறு வழி இன்றும் இல்லை.

இவ்வளவு குறை சொல்கிறானே, பிறகு ஏன் கட்டாயம் பார்க்கச் சொல்கிறான் என்று கேட்பீர்கள். ஏனென்றால் நாற்பது ஆண்டுக் கதையை ஒரே இடத்தில், ஒரே அளவுகோலில், யாருடைய தயவும் இல்லாமல் பார்க்க இதற்கு ஈடாக வேறு ஒன்று இல்லை. 2023இல் மத்திய அரசு வெளியிட்ட முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு நாடு முழுக்க 24 லட்சத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகளைப் பதிவு செய்தது, ஆக்கிரமிப்பு அதில் 1.6 சதவீதம் மட்டும் என்றது. அந்த எண்ணைப் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை, தமிழ்நாட்டில் எந்த ஊரில் யாரைக் கேட்டாலும் நம்ப மாட்டார்கள். இந்த மாதிரிக் கணக்குகளை எதிர்த்துக் கேள்வி கேட்க, அரசு அலுவலகத்திலிருந்து வராத ஒரு சாட்சி வேண்டும். இது அந்த சாட்சி.

வேறு கருவிகளோடு ஒப்பிட்டால்? இஸ்ரோவின் புவன் தளம் இருக்கிறது, மத்திய அரசின் நீர்வளத் தகவல் தளமான இந்தியா டபிள்யூஆர்ஐஎஸ் இருக்கிறது, அணைகளின் நீர்மட்டம், நிலத்தடி நீர் போன்றவற்றுக்கு டபிள்யூஆர்ஐஎஸ் தான் போக வேண்டிய இடம். அண்மை ஆண்டுகளுக்கு ஐரோப்பாவின் சென்டினல் 2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் இலவசம், ஊருணி வரை தெரியும், ஆனால் அதன் கதை 2015இல்தான் தொடங்குகிறது. மேகத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டுமென்றால் சென்டினல் 1 இருக்கிறது, அது ரேடார், அடை மழையிலும் இரவிலும் பார்க்கும், 2014இல் ஏவியது. நம் கார்த்திகை மாதத்துக்கு உண்மையில் வேண்டியது அதுதான், ஆனால் ரேடார் படத்தைப் படிக்கக் கொஞ்சம் பயிற்சி தேவை, சொடுக்கியதும் வண்ணத்தில் வந்துவிடாது. 2022 டிசம்பரில் நாசாவும் பிரெஞ்சு விண்வெளி நிறுவனமும் ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள் நீர்மட்டத்தின் உயரத்தையே அளக்கிறது, பெரிய ஏரிகளுக்கு அது ஆழக் குறையை ஓரளவு தீர்க்கும். 1984க்கு மட்டும் வேறு யாரும் நம்மைக் கூட்டிப்போக மாட்டார்கள்.

ஊர்ப் பாசனதாரர்களுக்கும் ஏரிக்காக மனு எழுதுபவர்களுக்கும் நான் சொல்லும் முறை இது. வரைபடத்தை முதல் ஆதாரமாக வைக்காதீர்கள். முதலில் வருவாய்த் துறையின் தமிழ்நிலம் தளத்தில் அ-பதிவேட்டையும் (ஊரின் நில வகைகளைச் சொல்லும் பதிவேடு) புல வரைபடத்தையும் எடுத்து, அந்தப் புல எண் நீர்நிலைப் புறம்போக்கா என்று உறுதி செய்யுங்கள். 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தின்படி நடவடிக்கை கேட்பதற்கு எல்லை முக்கியம், எல்லையைச் சொல்வது வருவாய்த் துறை ஆவணம்தான். அதற்குப் பிறகு, அந்த எல்லைக்குள் எந்த ஆண்டு வரை தண்ணீர் நின்றது என்று காட்ட இந்த வரைபடத்தைப் பின்னால் சேருங்கள். 1990களில் ஜனவரியில் தண்ணீர் நின்ற கட்டம் என்று காட்டிவிட்டால், "இது எப்போதுமே மேட்டு நிலம்" என்ற வாதம் அங்கேயே நின்றுவிடும். எதிர்த்தரப்பு வெள்ளைக் கட்டத்தைக் காட்டினால், அந்த மாதத்தில் எத்தனை தெளிவான படம் இருந்தது என்று திருப்பிக் கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கலுங்கு எந்தெந்த ஆண்டு பாய்ந்தது என்று கேட்டு எழுதி வைத்து, வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எங்கள் பக்கத்தில் பெரியவர்களின் ஞாபகம் பல இடத்தில் வரைபடத்தைவிட நிறைவாக இருந்தது.

பள்ளி ஆசிரியர்கள் இதை வகுப்பில் காட்டலாம் என்பது என் ஆசை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டதைக் கேள்விப்பட்ட பிள்ளை, புழல் ஏரியைச் சொடுக்கி அந்த ஆண்டைத் தேடிப் பார்க்கட்டும், அப்படியே 2003, 2004ஐயும் பார்க்கட்டும், அந்த வறட்சிக்குப் பிறகுதான் வீராணத்துத் தண்ணீர் சென்னைக்கு வந்தது என்ற கதையைச் சொல்லிக் கொடுங்கள்.

மதிப்பெண் கேட்டால் உலகத்துக்கு 5க்கு 5, நம் கண்மாய்களுக்கு 5க்கு 3. அந்த இரண்டு மதிப்பெண் குறைவதற்கு மேகம் ஒன்று, ஆழம் இன்னொன்று. ரேடார் தகவலையும் இதே எளிமையில் சேர்த்து, வடகிழக்குப் பருவத்துக்கென்று தனி அடுக்கு யாராவது செய்து தந்தால் நான் தயங்காமல் மாற்றிக்கொள்வேன். அண்ணா பல்கலைக்கழகத்திலோ வேறு எங்கோ நீர்வளம் படிக்கும் தம்பி, தங்கை யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து இந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், தரவு எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது.

கடைசியாக, கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு: கோப்புகள் பத்துப் பாகைக்குப் பத்துப் பாகையாகத் துண்டு துண்டாகக் கிடைக்கும், கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் வடமேற்கு மூலையின் எண்தான் பெயர். மதுரைக்குத் தெற்கே உள்ளவர்களுக்கு 70 கிழக்கு, 10 வடக்கு. திருச்சி, கோவை, சேலம் பக்கம் 70 கிழக்கு, 20 வடக்கு. சென்னை நகரம் 80 பாகையைத் தாண்டி விழுவதால் 80 கிழக்கு, 20 வடக்கு. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, இரணைமடுக் குளம் பார்க்க வேண்டியவர்கள் 80 கிழக்கு, 10 வடக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.